சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

1

போன வாரம் விழுப்புரத்திலிருந்து என் மைத்துனன் தாமோதரனின் கடிதம் வந்தது. அவனுக்கும் மஸ்கட்டுக்கு விசா கிடைத்துவிட்டதாம், சர்வே வேலைக்கு. எந்தக் கால்குலேட்டர் நல்லது, இங்கேயே வாங்கிக்கொண்டு வரட்டுமா, அங்கே வந்து வாங்கலாமா என்று கேட்டு, கடைசியில் பெயரோடு தன் டிப்ளமோவையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். அக்காள் புருஷனுக்கு எழுதுகிற கடிதத்தில் படிப்பைப் போட்டுக் கையெழுத்திடுகிற ஆளை நான் இவன் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு முறை சிரிப்பதற்கு, ஒரு முறை பல்லைக் கடிப்பதற்கு. என் கால்குலேட்டரைக் கொன்றவனே இவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தைந்தில், நான் லீவில் வந்திருந்தபோது, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கொன்றான். கொன்றுவிட்டு, "போனாப் போவுது மாமா, வேற புதுசு வாங்கிக்கலாம்" என்றான்.

இந்த 'வேற புதுசு வாங்கிக்கலாம்' கூட்டத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. மஸ்கட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை நாலு பாஷையில் கேட்டாயிற்று. ஃபேன் சத்தம் போட்டால் புதுசு. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் அறுந்தால் புதுசு. எங்கள் கேம்ப்பின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல டேப்ரிக்கார்டர் வெயிலில் கிடக்கும். அதை எடுத்துத் தூசி தட்டுகிறவனைப் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். யார் பார்ப்பது? ஊரில் அறுந்த செருப்பை மூன்று தடவை தைத்துப் போட்டுக்கொண்டு விமானம் ஏறியவன்தான். மூன்று மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் அவனுக்குத் தையல் என்ற சொல்லே மறந்துவிடுகிறது.

ஊரில் இதைப் படிக்கிற நீங்கள், 'ஒரு கால்குலேட்டருக்கா இவ்வளவு?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அது இல்லாமல் போனால் நான் யார் என்பது வெளியே தெரிந்துவிடும். விஷயம் அவ்வளவுதான்.

2

நான் மஸ்கட்டுக்கு வந்தது குடை பிடிக்க. எண்பத்தைந்து வரை இதை என் மாமனார் வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

ரோடு போடுகிற கம்பெனி. தாமஸ் என்று ஒரு மலையாளி சர்வேயர். அளக்கிற கருவி வெயிலில் சூடாகக் கூடாது என்று அதற்கு மேலே ஒரு பெரிய குடையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். தாமஸிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. சைன், காஸ் எல்லாம் போடுகிற ரகம். அதில் எண்கள் சிவப்பு விளக்காக எரியும். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அவர் கணக்குப் போடும்போதெல்லாம் குடையை அவர் கைக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கால்குலேட்டரில் சமக்குறி கிடையாது. முதல் எண்ணைப் போட்டு, ஒரு பெரிய பொத்தானை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். பிறகு இரண்டாவது எண். கடைசியில்தான் கூட்டலோ பெருக்கலோ. அமுக்கியவுடன் விடை வந்து நிற்கும். கம்பெனியில் வேறு யாருக்கும் இது பிடிபடவில்லை. பெரிய படிப்புப் படித்த என்ஜினியர்கள் வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கெட்டுப்போச்சு" என்று கீழே வைப்பார்கள். தங்கள் மண்டையில் ஏறாத எதுவும் கெட்டுப்போனதுதான் அவர்களுக்கு.

நான் இரண்டு வருஷம் குடைக்கு அடியில் நின்று தாமஸின் விரலைப் பார்த்தேன். அவர் எனக்குச் சொல்லித்தந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நல்லவர் இல்லை. 'குடையை நேராப் பிடி' என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம். ஆனால் விரலை எங்கே ஒளித்துவைப்பார்? கோணம், பெரிய பொத்தான், தூரம், அம்புக்குறி போட்ட பொத்தான். ஒரு விடை வரும். பிறகு எண்களை மேல்கீழாக மாற்றுகிற பொத்தான். அது மூன்று தடவை. இன்னொரு விடை வரும். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு, தரையில் ஆணி அடித்தால் ரோடு எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளையும். எனக்கு அது தவில்காரன் கை மாதிரி விரலில் நின்றுவிட்டது. சைன் என்றால் என்ன என்று தெரியாது. பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான்.

தாமஸ் பாதி வேலையில் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். கால்குலேட்டரை என் தலையில் கட்டிக் காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஆணி அடிக்க இடம் சொல்ல ஆளில்லாமல் என்ஜினியர் கத்திக்கொண்டிருந்தார். நான் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு அமுக்கிக் காட்டினேன். விடை சரியாக இருந்தது. ஒரு மாதத்தில் நான் சர்வேயர். அந்த வருஷமே திண்டிவனத்தில் எனக்குக் கல்யாணம். பெண் கஸ்தூரி, கணக்கை எடுத்துக் கல்லூரியில் பி.யூ.சி. முடித்தவள். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'ஃபாரின் சர்வே என்ஜினியர்' என்று போட்டார்கள். நான் தடுக்கவில்லை.

3

ஏழு வருஷம் அந்தக் கால்குலேட்டர் எனக்குச் சோறு போட்டது. எண்பத்தைந்தில் அதன் பேட்டரி படுத்துவிட்டது. அதற்கென்றே செய்த பேட்டரி. செய்தவர்களே செய்வதை நிறுத்திவிட்டார்கள். மஸ்கட் கடைக்காரன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊரில் லீவில் சரிசெய்துகொள்ளலாம் என்று பெட்டியில் சட்டைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

விமானம் விட்டு இறங்கியதும் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னய்யா?"

"கால்குலேட்டருங்க சார்."

"சமக்குறி எங்க?"

"இதுல கிடையாதுங்க."

"சமக்குறி இல்லாம எப்படிய்யா கால்குலேட்டர்? யாருகிட்ட கதை விடுற?"

அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் என் பாஸ்போர்ட்டில் 'மின்சாதனம், ஒன்று' என்று எழுதி, திரும்பிப் போகும்போது இதைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். ஓடாத சாமானைக் காட்டி என்ன சார் பிரயோஜனம் என்றேன். "ஓடினா என்ன, படுத்தா என்ன? எண்ணிக்கைல ஒண்ணு இருக்கணும்" என்றார். மனிதனையும் அவர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

வீட்டுக்குப் போனால் ஆறு வயது மகள் வனிதா கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். பொம்மையை வாங்கிக்கொண்டாள். அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க எப்ப உங்க ஊருக்குப் போவீங்க?"

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "வந்து கால் கழுவலை, அதுக்குள்ள தொரத்தறியாடி" என்றாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? திண்டிவனத்தில் பிறந்த எனக்கு மஸ்கட்டை ஊராக்கி வைத்திருக்கிறது என் பிள்ளை.

மயிலம் ரோட்டில் ஏழுமலை என்று ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். பெட்டிக்கடை அளவு இடம். சுற்றிலும் வயிறு திறந்த ரேடியோக்கள். கால்குலேட்டரைக் கையில் வாங்கியதும் அவரும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"சார், சமக்குறி பட்டன் எங்கியோ உழுந்துட்ச்சி போல. தேடிப் பாத்தீங்களா?"

"அது ஆரம்பத்துலருந்தே கிடையாதுங்க."

"அட! குடுக்கும்போதே கொற வச்சிக் குடுத்தானா? ஃபாரின்காரன் நம்மள விடப் பெரிய ஆளா இருக்கறானே!"

ஆனால் மனுஷன் தொழில்காரர். பேட்டரியைப் பிரித்துப் பார்த்து, அதன் அளவுக்கு இரண்டு பென்சில் செல்லை வைத்து, பித்தளைத் தகடு வெட்டி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் ஆயிற்று. சுவிட்சைத் தள்ளினார். சிவப்பாகப் பூஜ்யம் எரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இனிமே செல்லு தீந்தா வேற செல்லு. சார்ஜரு கீர்ஜருன்னு எதையும் சொருவாதீங்க சார். இது வயசானது, தாங்காது."

காதில் வாங்கிக்கொண்டேன். ஆனால் வாங்க வேண்டிய காது என்னுடையதாக இல்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் தாமோதரன் வீட்டில் விருந்து. ஃபாரின் மாமா வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டு வைத்திருந்தான். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தட்டில் கொட்டி நடுவில் வைத்து, என்னையும் நடுவில் வைத்தார்கள். அங்கே என்ன சம்பளம், ஒட்டகம் கடிக்குமா, தங்கம் என்ன விலை. எல்லாவற்றுக்கும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். லீவில் வருகிற எவனும் குறைத்துச் சொன்னதாக எனக்குத் தெரியாது. கேவலமான வழக்கம், எனக்கும் உண்டு.

பேச்சுக்கு நடுவே, "மாமா, அந்த கம்ப்யூட்டரைக் காட்டுங்க" என்றான் தாமோதரன். எடுத்துக் கொடுத்தேன். அப்போது அவன் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. மூன்றில் எது எழுதும் என்று எனக்குச் சந்தேகம்.

பின்பக்கத்தைத் திறந்தவன் முகத்தைச் சுளித்தான். "இன்னா மாமா இது, சைக்கிள் டியூப்பு கட்டி வச்சிருக்கீங்க? நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பான்?"

"ஏழுமலை பண்ணிக் குடுத்தார்டா. நல்லா ஓடுது. வச்சுடு."

"ரேடியோ ரிப்பேர்காரனா? அவனுக்கு இன்னா மாமா தெரியும்? நான் டிப்ளமோல எலக்ட்ரிகல் ஒரு பேப்பர் படிச்சவன். இதுக்கு செல்லே தேவையில்ல. நேரா கரண்ட்ல ஓடும், பாருங்க."

நான் வாயில் இருந்த மல்லாட்டையை விழுங்குவதற்குள் அவன் இரண்டு செல்லையும் பிடுங்கிவிட்டான். கால்குலேட்டரோடு நான் பையில் கொண்டுவந்திருந்த அதன் பழைய சார்ஜரை எடுத்துச் சுவரில் சொருகினான். கூட்டம் கிட்டே வந்து குனிந்தது.

சிவப்பு எண்கள் எரிந்தன. பூஜ்யமில்லை, வரிசையாக எட்டு. எட்டு எட்டாக ஒரு நொடி பளீரென்று எரிந்து, அணைந்தது. லேசாக ஒரு நாற்றம் வந்தது.

"டேய்!" என்றேன்.

அவன் சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளினான். கையில் தட்டினான். காதில் வைத்துக் கேட்டான். டிப்ளமோவில் எந்தப் பேப்பரில் காதில் வைத்துக் கேட்கச் சொல்லித்தருகிறார்களோ தெரியாது. பிறகுதான் அந்த 'வேற புதுசு வாங்கிக்கலாம்' வாக்கியத்தைச் சொன்னான். கூட்டமும் தலையாட்டியது. "ஃபாரின்ல இருக்கறவருக்கு இதெல்லாம் ஒரு பொருளா!"

திண்டிவனம் பஸ்ஸில் திரும்பும்போது விக்கிரவாண்டி வரை நான் கால்குலேட்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். கஸ்தூரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எந்தம்பி பண்ணது தப்புதான். அதுக்காக இப்பிடியா? ஒரு மிஷினுக்கு எழவு உழுந்த மாதிரி குந்திக்கினு வர்றீங்க" என்றாள்.

நான் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது.

5

ஏழுமலை மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு கறுப்புச் சதுரத்தை ஸ்குரூடிரைவரால் தொட்டுக் காட்டினார்.

"மூளையே வெந்துட்ச்சி சார். செல்லு உள்ள இருந்தாத்தான் கரண்ட்ட அது வாங்கி அளவா குடுக்கும். செல்லே இல்லாம நேரா உட்டா, மொத்தமும் மூளையிலதான் எறங்கும். படிச்சவரு யாரோ கை வச்சாரா?"

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"படிக்காதவன் பயந்துக்கினு தொடவே மாட்டான் சார்."

கூலி வாங்க மறுத்துவிட்டார். மூடியை மறுபடி பொருத்தித் திருகி, பழைய துணியில் சுற்றி, பிணத்தைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் பாண்டிச்சேரிக்குப் போய்ப் புதியது ஒன்று வாங்கினேன். ஜப்பான் சாமான். வெளிச்சத்திலேயே ஓடும். காகிதம் மாதிரி இருந்தது. கடைக்காரப் பையனிடம் சமக்குறி இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன். அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய அளவைப் புத்தகம் ஒன்று பெட்டியில் இருந்தது. கோணம், தூரம், இரண்டு விடை என்று வரி வரியாக நானே எழுதியது. முதல் வரி: கோணம் நாற்பத்தொன்று, தூரம் நூற்றைம்பது. நாற்பத்தொன்றைப் போட்டேன். விரல் தானாகப் பெரிய பொத்தானைத் தேடியது. அது இல்லை, அந்த இடத்துக்குக் கிட்டே சமக்குறி இருந்தது. அதை அமுக்கினேன். நூற்றைம்பதைப் போட்டேன். அம்புக்குறி இல்லை. காஸை அமுக்கினேன். மைனஸ் போட்டு ஒரு தசமம் வந்தது. புத்தகத்தில் நூற்றுப்பதின்மூன்று சொச்சம் இருக்கிறது.

மூன்று நாள் இப்படி. எந்தத் தட்டு தட்டினாலும் ரோடு கடலுக்குள் போனது. கால்குலேட்டரை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்; என் விரலுக்குத் தெரிந்ததை அதற்குள் யார் போட்டுக் கொடுப்பார்கள்? திரும்பிப் போனால் முதல் நாளே தெரிந்துவிடும். சர்வேயர் என்று ஏழு வருஷம் உலவியவன் கையில் மறுபடி குடையைக் கொடுப்பார்கள். எனக்குக் கீழே இருந்தவனே கொடுப்பான். சிரித்துக்கொண்டே கொடுப்பான், நானாக இருந்தாலும் அப்படித்தான் கொடுப்பேன்.

6

நாலாம் நாள் காலை, சமையல் முடித்த கையோடு கஸ்தூரி உள்ளே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாங்க ஒங்க பேஜாரு? மூணு நாளா கதவ சாத்திக்கினு இன்னா பண்றீங்க?"

"புது மிஷின் பழகிக்கினு இருக்கேன்."

"கணக்கு ஒண்ணுதானே? மிஷின்தானே வேற?"

அவள் அளவைப் புத்தகத்தை இழுத்துப் பார்த்தாள்.

"இந்த ரெண்டுலருந்து இந்த ரெண்டு எப்பிடி வருது? பழசுல இன்னா அமுக்குவீங்க, சொல்லுங்க."

வாயால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரியும். செத்துப்போன கால்குலேட்டரைத் துணியிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அவள் ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து வனிதாவின் சிலேட்டில் எழுதிக்கொண்டாள்.

"இந்த அம்புக்குறி இன்னா பண்ணுது?"

"விடை குடுக்கும்."

"எப்பிடிக் குடுக்கும்?"

"அமுக்கினா குடுக்கும்."

கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சிலேட்டைப் பார்த்தேன்.

"சரி, இந்த மாத்தற பட்டன எதுக்கு மூணு வாட்டி அமுக்குறீங்க?"

"அப்படித்தான் அமுக்கணும்."

"ஒரு வாட்டி மாத்தினா கீழ இருக்கறது மேல வருது. ரெண்டாவது வாட்டி மாத்தினா பழையபடி ஆயிடுது. மூணாவது வாட்டி, மொத வாட்டி மாதிரியேதான். அப்ப ரெண்டு வாட்டி தெண்டமா?"

எனக்குத் தாமஸின் கை கண்ணில் வந்தது. அவருக்குப் பக்கத்தில் எண்களை எழுதிக்கொள்கிற ஓர் ஆள் நிற்பான். கை மெதுவான ஆள். அவனுக்காகத் தாமஸ் ஒரு விடையைக் காட்டி, மற்றதைக் காட்டி, மறுபடி முதலாவதைக் காட்டி, மறுபடி மற்றதைக் காட்டுவார். எழுத ஆளே இல்லாத நான், ஏழு வருஷம், ஆயிரக்கணக்கான ஆணிக்கு, மூன்று மூன்றாக அமுக்கியிருக்கிறேன். அதையும் கணக்கு என்று நினைத்துக்கொண்டு. பட்டம் வாங்கிய என்ஜினியர்களை முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டு.

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றாள் கஸ்தூரி. குரலில் கோபம் இல்லை. கடையில் விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"பத்தாவது. பாஸாகல."

"அங்க மொதல்ல இன்னா வேலைக்குப் போனீங்க?"

"குடை பிடிக்க."

அவள் எழுந்து போய் அடுப்பிலிருந்து பாலை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். சிலேட்டில் ஒரு முக்கோணம் போட்டாள். சரிவான கோட்டின் மேல் நூற்றைம்பது என்று எழுதினாள். மூலையில் நாற்பத்தொன்று.

"இது பி.யூ.சி.ல மொத மாசத்துப் பாடங்க. தூரத்த காஸால பெருக்கினா ஒண்ணு, சைனால பெருக்கினா இன்னொண்ணு. குடுங்க அத."

புதியதை வாங்கினாள். நூற்றைம்பது, பெருக்கல், நாற்பத்தொன்று, காஸ், சமக்குறி. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி அமுக்கினாள். நூற்றுப்பதின்மூன்று புள்ளி இரண்டு. புத்தகத்தில் அதுதான். பிறகு சைன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. புத்தகத்தில் அதுவும் அப்படியே.

என்னிடம் கொடுத்தாள். அவள் சிலேட்டைப் பார்த்து நான் இரண்டாவது வரியைப் போட்டேன். வந்தது. மூன்றாவதும் வந்தது. நான்காவதில் விரல் மறுபடி சமக்குறியை முதலில் அமுக்கப் போனது. கையில் ஒரு தட்டுத் தட்டினாள். வந்தது. குடை கிடையாது. நான் சர்வேயராகவே திரும்பிப் போகலாம்.

கஸ்தூரி கால்குலேட்டரை என் கையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதற்குள் வேறு ஏதோ இருக்க வேண்டும், இன்னும் வெளியே வரவில்லை என்பதுபோலப் பார்த்தாள்.

"இவ்ளோதானாங்க?"

"ம்."

"அஞ்சு பட்டன்."

"ஆமா."

"இதுக்கா ஏழு வருஷமா எங்கள இங்க உட்டுட்டு அங்க போயி குந்திக்கினு இருக்கீங்க? நான் இன்னாமோ பெருசா நெனச்சிக்கினு இருந்தேன். அவருக்கு எவ்ளோ வேலையோ, எவ்ளோ மூளைய கசக்கறாரோன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்."

சம்பளத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்கு மச்சு எடுத்ததைச் சொல்ல நினைத்தேன். தாமோதரனைப் பற்றி ஒரு வசவாவது கிடைக்குமா என்று தேடினேன்.

கஸ்தூரி என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஐந்தாவது வரியைத் தானே அமுக்க ஆரம்பித்துவிட்டாள்.